மண்டபத்தில் கடல் இருந்தது

ஆடிக் கிருத்திகைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பொதட்டூர்பேட்டையில் ஊர்க்கணக்கு எழுதும் கர்ணத்திடமிருந்து திருத்தணி தாலுகா ஆபீசுக்கு ஒரு தாள் வந்தது. நெசவுத் தெருக்களில் ஐந்து நாளில் பதினோரு பேர் வாந்திபேதியில் போய்விட்டார்கள், தூக்கிப்போட ஆள் கிடைக்கவில்லை, மருந்து அனுப்பவும் என்று பென்சிலால் எழுதியிருந்தது. தாசில்தார் அதை இரண்டு முறை படித்துவிட்டு எலியாஸைக் கூட்டிவரச் சொன்னார்.

எலியாஸ் அந்த 1943ஆம் வருஷத் திருவிழாவுக்கென்று மூன்று மாதத்துக்கு மட்டும் எடுக்கப்பட்ட சுகாதார இன்ஸ்பெக்டர். நாற்பத்தெட்டு வயது, ஒடிசலான ஆள், சட்டைக் காலர் எப்போதும் கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கும். அதற்கு முன் பதினாறு வருஷம் கடலோர மண்டபம் முகாமில் இருந்தார். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலி ஜனங்களை இலங்கை சர்க்கார் படகேற்றுவதற்கு முன் நிறுத்திவைத்துப் பார்க்கிற இடம் அது. கூலிக்கு ஆள் போவது நின்றதும் முகாமில் வேலையும் குறைந்தது. எலியாஸ் சொந்த ஊரான திருத்தணிக்குத் திரும்பி நாலு வருஷமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த நாலு வருஷத்தில் அவருக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

தாசில்தார் கேட்டார்.

"நீங்க சிலோன்காரங்ககிட்ட வேலை பாத்தவரு. வாந்திபேதின்னா அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"நிறுத்திடுவாங்க சார். அஞ்சு நாள் ஒரு ஆளை விட மாட்டாங்க. ஊசி போடுவாங்க, துணிய ஆவியில வைப்பாங்க. அஞ்சு நாள் ஒண்ணும் இல்லேன்னாதான் படகு. நான் இருந்த வரைக்கும் எங்க கேட்டைத் தாண்டி ஒரு கேஸ் அந்தப் பக்கம் போனதில்ல."

"இங்க லட்சம் பேரு வருவாங்க. திருவிழாவ நிறுத்தறது கலெக்டராலயே ஆகாது." தாசில்தார் மேசைமேல் இருந்த வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். "ஒரு ரோட்டை மூடலாம். பொதட்டூர்பேட்டை ரோட்டை மட்டும்."

"குடுங்க சார். மூடிக் காட்றேன்."

அதைச் சொல்லும்போது எலியாஸின் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. பிற்பாடு அந்தத் துள்ளலை நினைத்து அவர் கூசிப்போனார்.

காலரா ஊசிக்குப் பத்தாயிரம் பேருக்கு மருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். வந்தது ஆயிரத்து எண்ணூறு பேருக்கு. மீதி பட்டாளத்துக்குப் போய்விட்டதாம். நரம்பில் உப்புத்தண்ணீர் ஏற்றுகிற சலைன் பாட்டில் இரண்டு இருந்தது. ரப்பர் குழாய் ஒன்றே ஒன்று. மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனபின் ரப்பர் குழாய் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது.

ரயில் பாதைக்கு அப்பால் பனையோலைக் கொட்டகை ஒன்று போட்டு அதைத்தான் காலரா ஆஸ்பத்திரி என்றார்கள். அதைப் பார்த்துக்கொண்டவள் லோயிஸ், எலியாஸின் மனைவி ஜெபரத்தினத்தின் தங்கை. ரங்கூனில் நர்சாக இருந்தவள். போன வருஷம் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது புருஷன் எலியேசரோடு கால்நடையாகக் கிளம்பினாள். ஊர் வந்து சேர்ந்தது அவள் மட்டும்தான். அக்காள் வீட்டில் தங்கினாள். வழியில் நடந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சாலையை மூடப்போகிற செய்தியை எலியாஸ் கொட்டகைக்கே போய் அவளிடம் சொன்னார். அவள் அண்டாவில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னா வைக்கப் போறீங்க பாவா?"

"போலீசு. மூணு பேரு."

"அரிசி? குடிக்கத் தண்ணி? இந்த பாட்டிலு?"

"ஒரு குழாயை வெச்சுகினு ரெண்டு இடத்துல எப்பிடி பாக்கறது? ஊருக்குள்ள லட்சம் பேரு வரப்போறாங்க. இங்கதான் வேணும்."

லோயிஸ் அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்தாள். புகை அவள் முகத்துக்கு வந்தது, அவள் நகரவில்லை.

"நடந்து வந்தப்ப நான் ரெண்டு முகாம் பாத்தேன் பாவா. ஒண்ணுல தேயிலைத் தோட்டத்துக்காரங்க சோறு வடிச்சு, தண்ணியக் காய்ச்சி வெச்சுகினு இருந்தாங்க. காவலே கெடையாது. நில்லுன்னாங்க, நின்னோம். இன்னொண்ணுல துப்பாக்கிக்காரன் மட்டும் நின்னுகினு இருந்தான். வெள்ளக்காரங்களுக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழி. நம்ம வழிய மூணு நாளு மூடிட்டாங்க. ஒரு வாய்த் தண்ணி இல்ல. ஜனங்க இன்னா பண்ணுவாங்க? காட்டுக்குள்ள பூந்து போனாங்க. போன எடமெல்லாம் வாந்திபேதிய எடுத்துகினு போனாங்க. அவரு போனது அங்கதான்."

எலியேசர் எப்படிச் செத்தான் என்று எலியாஸ் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"அது சண்டை நேரம். சர்க்காரே ஓடிப்போன ஊரு. சிலோன் முறை வேற. மண்டபத்துல ஒருத்தன்கூடச் சுத்திகினு போனதில்ல."

"மண்டபத்துல கடல் இருந்துச்சு பாவா."

அவள் விறகை மறுபடி அடுப்புக்குள் தள்ளினாள்.

"அங்க ஜனங்களுக்குச் சோறு போட்டாங்களா?"

"ஆங். மூணு வேளையும் போட்டாங்க."

"அதத் தாசில்தார்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அஞ்சு நாள் நிறுத்துவார்கள் என்று சொன்னார், படகைச் சொன்னார், கேட்டைச் சொன்னார். சோறு ஞாபகத்துக்கே வரவில்லை. மறுநாள் போய்ச் சொன்னார். தாசில்தார், நாலு மூட்டை அரிசிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், ரேஷன் காலத்தில் யார் தருவார்கள் பார்ப்போம் என்றார். கடைசிவரை அரிசி வரவில்லை.

ஊருக்கு மூன்று மைல் வெளியே, இரண்டு புளியமரங்களுக்கு நடுவே சாலையின் குறுக்கே மூங்கில் கட்டினார்கள். வீரபத்திரன் என்ற கான்ஸ்டபிளும் இன்னும் இரண்டு பேரும் காவல். முதல் நாள் ஐம்பது பேர் வந்து திட்டிவிட்டுத் திரும்பிப்போனார்கள். "கிறிஸ்தவன் நம்ம காவடிய நிறுத்தறான்" என்று ஒரு கிழவர் மண்ணை வாரி வீசினார். எலியாஸ் துடைத்துக்கொண்டு தன் நோட்டில் ஆள் கணக்கைக் குறித்துக்கொண்டார். இரண்டாம் நாள் முப்பது, மூன்றாம் நாள் பதினைந்து. ஜனங்கள் புரிந்துகொண்டார்கள் என்றே நினைத்தார்.

நான்காம் நாள் காலையில் மலையடிவாரக் குளத்தில் பிளீச்சிங் தூள் போடப் போனார். காவடியோடு எட்டுப் பேர் குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முழங்கால்வரை செம்மண் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. சாலையில் வந்தவர்களுக்கு அந்தச் சேறு ஒட்ட வழியில்லை. மலைக்குப் பின்னால் காட்டுப் பாதையில், ஓடையைக் கடந்து வந்தவர்களுக்குத்தான் ஒட்டும்.

"எந்த ஊருங்க?" என்றார்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கனகம்மாசத்திரங்க" என்றான் ஒருவன். கனகம்மாசத்திரம் வேறு திசை. அங்கிருந்து நல்ல சாலை இருக்கிறது. எலியாஸ் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் படியில் இறங்கிவந்தார்கள். அவர்கள் காலிலும் அதே சேறு.

லோயிஸிடம் அதை அவர் சொல்லவில்லை. தாசில்தாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே தடுப்பை எடுத்திருக்கலாம். அல்லது கொட்டகையைத் தூக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் தான் சொன்னது தப்பென்று ஒத்துக்கொண்டதாகும் என்று பட்டது. காட்டுப் பாதைக்கும் ஒரு போலீஸ் கேட்டு எழுதினார். அதுவும் வரவில்லை.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் உச்சிவேளையில் அந்த வண்டி வந்தது.

தடுப்பின் அந்தப் பக்கம் அன்று இருநூறு பேருக்குமேல் காவடியோடு புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறை திரும்பிப் போகமாட்டோம் என்று பிடிவாதம். அவர்களை விலக்கிக்கொண்டு ஒற்றை மாட்டு வண்டி மூங்கில்வரை வந்து நின்றது. ஓட்டிவந்தவன் ஜெகநாதன், பொதட்டூர்பேட்டை நெசவாளி, முப்பத்தைந்து வயதிருக்கும். வண்டியில் வைக்கோல்மேல் அவன் மனைவி கௌரியம்மாள் கிடந்தாள்.

எலியாஸ் மூங்கிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கண் குழிக்குள் போயிருந்தது. விரல்நுனிகள் நாளெல்லாம் துணி துவைத்த கைபோலச் சுருங்கியிருந்தன. அவள் ஏதோ கேட்டாள். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர் அவர். இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது.

"கொட்டாயில உப்புத்தண்ணி ஏத்தறாங்களாமே, அதுக்குத்தான் இட்டுகினு வந்தேன். கேட்டத் தெறங்க சார்."

வீரபத்திரன் மூங்கிலில் கை வைத்தான். "தெறக்கட்டுமாங்கய்யா?"

வண்டியைப் பார்த்து இருநூறு பேரும் எழுந்துவிட்டார்கள். காவடிகள் தோளுக்கு ஏறின. மூங்கில் ஒரு முழம் நகர்ந்தால் போதும், அத்தனை பேரும் உள்ளே ஓடிவிடுவார்கள் என்பது எலியாஸுக்குத் தெரிந்தது. காட்டுவழியே அதைவிட அதிகம் பேர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார்கள் என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தும் அவர் வாயிலிருந்து வந்தது பதினாறு வருஷப் பழக்கம்.

"தெறக்காத. சைக்கிள எடுத்துகினு போய் லோயிஸம்மாவ இங்க இட்டுகினு வரச் சொல்லு. பாட்டிலு, குழாய் எல்லாம் எடுத்துகினு வரட்டும். இங்கயே ஏத்தலாம்."

இன்னொரு போலீஸ்காரன் சைக்கிளில் பறந்தான். போக மூன்று மைல், வர மூன்று மைல். நடுவில் திருவிழாக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. எலியாஸ் மூங்கிலுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போய், வண்டிப் பக்கத்தில் நின்று கௌரியம்மாளின் வாயில் காய்ச்சின தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். உள்ளே போனதெல்லாம் உடனே வெளியே வந்தது. ஜெகநாதன் மாட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் திட்டியிருந்தால் எலியாஸுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஜட்காவில் லோயிஸ் வந்தாள், பாட்டிலை மடியில் அணைத்துக்கொண்டு. எலியாஸ் மண்டபத்து ஆஸ்பத்திரியில் கற்றபடி கணுக்காலைக் கீறி நரம்பைத் தேடினார். கிடைத்தது; இரத்தம் தார்போலக் கட்டியாக வந்தது. குழாயைப் பொருத்தினார். கால் பாட்டில்கூட இறங்கவில்லை. லோயிஸ்தான் முதலில் கவனித்தாள். கௌரியம்மாளின் மார்பில் வைத்திருந்த கையை எடுத்துத் தன் முந்தானையில் துடைத்தாள்.

"போதும் பாவா."

ஜெகநாதன் வண்டிக்குள் ஏறி மனைவியின் சேலையைச் சரிசெய்தான். காலிலிருந்த கீறலைத் துணியால் கட்டினான், உயிரோடிருப்பவளுக்குக் கட்டுவதுபோல. பிறகு கேட்டான், மெதுவாகத்தான்:

"வண்டிய வுட்டிருந்தா முக்கா அவர்ல கொட்டாய்க்குப் போயிருப்பேன் சார். சிலோன்ல இப்பிடித்தான் பண்ணுவாங்கன்னு போலீஸ்காரரு சொன்னாரு. நெஜமா?"

மண்டபத்தில் ஆஸ்பத்திரி வேலிக்கு உள்ளேயே இருந்தது. வாந்தி எடுத்த ஆளை இருபது அடி தூக்கிப்போனால் கட்டில். எலியாஸ் அதைச் சொல்ல வாயெடுத்தார். சொல்லி என்ன? ஜெகநாதன் வண்டியைத் திருப்பினான்.

கூட்டம் சத்தமில்லாமல் வழிவிட்டது. இருநூறு பேரில் பாதிப்பேர் அந்த வண்டியின் பின்னாலேயே திரும்பி நடந்தார்கள்.

எலியாஸ் மைல்கல்மேல் உட்கார்ந்துவிட்டார். லோயிஸ் குழாயைக் கழுவிச் சுருட்டினாள். அவள் குத்திக்காட்டுவாள் என்று காத்திருந்தார். அவள், "இப்ப இன்னா பண்ணலாம், சொல்லுங்க" என்றாள்.

"அங்க போலாம்."

"எங்க?"

"பொதட்டூர்பேட்டைக்கு. நோய் இருக்கற எடத்துக்கு."

மிச்சமிருந்தவர்களுக்கு அங்கேயே ஊசி போட்டார். போட்டுக்கொண்டவர்களை விட்டுவிடச் சொல்லி வீரபத்திரனிடம் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். கொட்டகையில் தண்ணீர் காய்ச்ச ஜெபரத்தினத்தைப் போகச் சொல்லி ஆள் அனுப்பினார். பிறகு இருவரும் அதே ஜட்காவில் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவர்களுக்கு முன்னால் கௌரியம்மாளைச் சுமந்துகொண்டு அந்த ஒற்றை மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. முந்திப்போக ஜட்காக்காரனுக்கு மனம் வரவில்லை; எலியாஸும் சொல்லவில்லை.

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தமே இல்லை. நூல் கிடைக்காமல் பாதித் தறிகள் ஒரு வருஷமாகவே நின்றிருந்தன. மீதியை இப்போது நோய் நிறுத்திவிட்டது. இவர்கள் தெருவில் நுழைந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. "கேட்டுப் போட்டவன் வந்துட்டான்" என்று ஒரு பெண் உள்ளிருந்தபடியே கத்தினாள். சத்திரத்தில்தான் இடம் கிடைத்தது.

கிணறுகளில் பெர்மாங்கனேட் போட்டார்கள். தண்ணீர் கத்திரிப்பூ நிறமானதும் விஷம் கலந்துவிட்டான் என்று கூச்சல் எழுந்தது. லோயிஸ் கிணற்றடியிலேயே நின்று ஒரு சொம்பு சேந்தி எல்லோர் முன்னும் குடித்தாள். அடுத்த கிணற்றிலும் குடித்தாள். "எம்புருசன் இந்தத் தண்ணி கெடைக்காமத்தான் செத்தாரு. நான் ஏன் விசம் வைக்கப் போறேன்?" என்றாள். மூன்றாவது கிணற்றில் ஒரு பெண் அவள் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டாள்.

அன்று பன்னிரண்டு பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். மறுநாள் நூற்றுச் சொச்சம். ஆனால் சாவு நிற்கவில்லை. ஒரு நாளில் நாலு, மறுநாள் ஏழு. காலியான பாட்டிலில் காய்ச்சின தண்ணீரும் உப்பும் கலந்து நிரப்பினார்கள், ஒரே குழாயைக் கொதிக்கவைத்து வீடு வீடாக எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு வீட்டில் பாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டில் உயிர் போய்விடும். யாருக்கு முதலில் என்று எலியாஸ்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பிழைக்கக்கூடியவருக்கு முதலில் என்று வைத்துக்கொண்டார். அதைக் காத்திருந்த மற்ற வீட்டாரின் முகத்துக்கு நேரே சொல்லவும் வேண்டியிருந்தது.

ஆறாம் நாள் விடிந்ததும் ஜெகநாதன் சத்திரத்து வாசலில் நின்றான். எலியாஸைப் பார்க்கவேயில்லை.

"அம்மா, எம்பொண்ணு சந்திராக்கு வந்துடுச்சு. ஒம்பது வயசு. நீங்க வாங்க."

"அவரும் வரணும்."

"அவரு வேணாம்."

"சின்னப் புள்ளைக்கு நரம்பு கீறத் தெரிஞ்சது அவருக்குத்தான். எனக்குக் கை வராது. கொழந்த நரம்பு நூலு மாதிரி இருக்கும். நீ சொல்லு, இன்னா பண்ணட்டும்?"

ஜெகநாதன் நகர்ந்து வழிவிட்டான்.

பெண் தறிக்குழிக்குப் பக்கத்தில் கோணிமேல் கிடந்தாள். எலியாஸ் மண்டியிட்டுக் காலைத் தொட்டார். சில்லிட்டிருந்தது. முதல் கீறலில் நரம்பு கிடைக்கவில்லை. பின்னால் ஜெகநாதன் மூச்சு விடுவது கேட்டது. இரண்டாவது காலில் கிடைத்தது. உப்புத்தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் மூன்று பாட்டில் போயிற்று. நாடி விரலுக்குத் தட்டுப்பட்டது.

வீரபத்திரன் சைக்கிளில் வந்து சேர்ந்தது அப்போதுதான். தாசில்தார் ஆபீஸ் கடிதம் கொண்டுவந்திருந்தான். அனுமதியில்லாமல் இடத்தை விட்டுப் போனதால் எலியாஸின் தற்காலிக வேலை ரத்து. சாமான்களை உடனே ஒப்படைக்க வேண்டும்.

"ஊருல எப்பிடி இருக்குது?" என்றார் எலியாஸ்.

"திருவிழா முடிஞ்ச மறுநாளே ஆரம்பிச்சுடுச்சுங்கய்யா. கடைத்தெருவுல பதினாலு பேருக்கு. உங்க வீட்டம்மா தண்ணி காய்ச்சிகினு கீறாங்க. ஊசி போட ஆளு இல்ல. அந்தக் குழாயத்தான் கையோட வாங்கினு வரச் சொன்னாங்க."

குழாய் சந்திராவின் காலில் இருந்தது. அறையில் இருந்த நாலு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இப்ப புடுங்கினா செத்துடும்" என்றார் எலியாஸ்.

"அங்கயும் சாவறாங்களேய்யா."

"தெரியும். இவ ஒண்ணுக்குப் போவட்டும். அதுவரைக்கும் புடுங்க முடியாது." வாந்திபேதியில் சிறுநீர் நின்றுபோகும், அது திரும்ப வந்தால்தான் உயிர் தங்கிவிட்டது என்று அர்த்தம். அது ஒரு மணியிலும் வரலாம், ஒரு நாளிலும் வரலாம், வராமலும் போகலாம். வீரபத்திரன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான். அவன் அக்காள் வீடு கடைத்தெருவில்தான் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை. பிற்பாடுதான் எலியாஸுக்குத் தெரிந்தது.

வெயில் சாய்ந்தது. ஐந்தாவது பாட்டிலும் பாதிக்கு வந்தது. லோயிஸ் பெண்ணின் வயிற்றை ஈரத்துணியால் தடவிக்கொண்டேயிருந்தாள். எலியாஸ் ஜெபிக்க முயன்றார். எந்த வீட்டுக்காக ஜெபிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.

ஜெகநாதன்தான் பார்த்தான். குனிந்து கோணியைத் தொட்டான், கையை முகர்ந்தான். எழுந்து லோயிஸைப் பார்த்துச் சொன்னான்:

"ஒண்ணுக்குப் போய்ட்டாம்மா. அவருகிட்ட சொல்லுங்க."

இரண்டடி தூரத்தில் இருந்த எலியாஸ் அதைக் கேட்டார். குழாயை உருவினார், காலைக் கட்டினார், லோயிஸ் அடுப்பிலிருந்த தண்ணீரில் குழாயைப் போட்டாள். அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீடு இருந்தது. திருத்தணியில் பதினாலு பேர். அவர் நரம்பு கீறும் கத்தியைத் துடைத்தார். பிறகு வீரபத்திரனிடம், "நீ போய் தாசில்தார்கிட்ட சொல்லு. எனக்கு உத்தியோகம் இல்ல, அதனால உத்தரவும் இல்ல. இந்தத் தெருவ முடிச்சுட்டு வர்றேன்" என்றார்.

அந்த மூன்று வீட்டில் ஒருவர் பிழைத்தார். மறுநாள் அவர்கள் திருத்தணிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினாலு பேரில் எட்டுப் பேர் இல்லை. வீரபத்திரனின் அக்காளும் அதில் ஒருத்தி. ஆவணி பாதியில் மழை பிடித்ததும் நோய் இரண்டு ஊரிலும் ஓய்ந்தது. ஊசியால் நின்றது என்றார்கள் சிலர், மழையால் என்றார்கள் சிலர், அம்மன் இறங்கிப்போனாள் என்றார்கள் பலர்.

புரட்டாசியில் ஜில்லாவிலிருந்து வந்த பெரிய டாக்டர் எலியாஸைக் கூப்பிட்டு, இலங்கையில் எப்படி, பர்மாவில் எப்படி, இங்கே எப்படி என்று விவரமாக எழுதித் தரச் சொன்னார். எலியாஸ் நாலு பக்கம் எழுதினார். மூங்கில் எவ்வளவு நீளம், எங்கே கட்டியது, எத்தனை பேர் நின்றார்கள், காட்டுப் பாதையில் எத்தனை பேர் போனார்கள் என்றெல்லாம் எழுதினார். கௌரியம்மாள் பெயரை எழுதி, வயது முப்பது, தடுப்பில் இறந்தாள், திறக்கும் அதிகாரம் என்னிடம் இருந்தது என்று எழுதினார். லோயிஸ் படித்துப் பார்த்தாள். ஒரு எழுத்தும் மாற்றச் சொல்லவில்லை.

அதற்குப் பதில் ஒன்றும் வரவில்லை.